கண்ணாடி அலுமாரிக் கோப்பை

"தவமணி! உமக்கென்ன விசரே?"

சண்முகலிங்கம் போட்ட சத்தத்தில், அவர் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்த ஊர்ச்சங்கத்துக்காரர் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கையில் ஒரு மண் கோப்பை. அடியில் கொஞ்சம் ஒடியற்கூழும் ஒரு நண்டுக்காலும் மிச்சம் கிடந்தன.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் நியூமெக்சிக்கோவுக்குப் போனபோது வாங்கி, பிளேனில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கோப்பை அது. மோர்னிங்சைட் வீட்டில் அதன் இடம் கண்ணாடி அலுமாரிதான். மனைவி தவமணிகூடத் தூசி தட்டத்தான் தொடலாம்.

"என்ன அண்ணை, ஒரு சட்டிக்கு இவ்வளவு சத்தம்?" என்றான் ஸ்ரீதரன்.

"சட்டியோ? நூறு வரியத்துக்கு முந்தினது தம்பி. புவெப்லோ எண்டு அமெரிக்காவின்ர பூர்வகுடிச் சனம் கையால வனைஞ்சு, கையாலயே சித்திரம் கீறினது. இனி இந்தக் கறை போகுமே?"

"பாத்தால் சாப்பாட்டுக் கோப்பை மாதிரித்தான் கிடக்கு."

கேட்க ஆள் கிடைத்தால் சண்முகலிங்கத்துக்குக் கோபம்கூட ஆறிவிடும். சங்கத் தலைவர் அல்லவா, குரல் தானாகவே மேடைக்கு ஏறியது.

"ஓம், சாப்பாட்டுக் கோப்பைதான்! நடுவில வைச்சு, வீட்டுக்காரர், வந்த சனம் எல்லாரும் ஒண்டாக் கைவைச்சுச் சாப்பிட்டவை. அவன் பெரிசு, இவன் சின்னன் எண்ட கதையே இல்லை. அதுதான் மனிசத்தன்மை. நாங்கள் அவையளிட்டைப் படிக்கவேணும்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் கையும் தட்டினார்.

தவமணி ஈரக்கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தாள்.

"உதில ஆருக்குக் கூழ் வாத்தனீர்?" என்றார் சண்முகலிங்கம்.

"அன்புராசா அண்ணைக்கு. ஆரோ வழி விடச் சொன்னவையெண்டு காரை எடுத்துவிட வெளியில போயிட்டார்."

"வீட்டில வேற கோப்பை இல்லையே? குசினி நிறையக் கிடக்குதே!"

"கிடக்கு."

தவமணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அன்புராசா இன்னும் உள்ளே வரவில்லை.

"அவை குறைஞ்ச சாதி, நாங்கள் புழங்கிற கோப்பையில குடுக்காதையும் எண்டு காலமை நீங்கள்தானே சொன்னனீங்கள்? இந்த வீட்டில ஒருத்தரும் வாய் வைக்காத கோப்பை உது ஒண்டுதான்."