கடைசித் தாள்

உலக வாசகர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் வாசகர் வட்டத் தலைவர் வாயைத் திறந்துவிட்டால், எந்தத் துப்பறியும் நாவலிலும் கொலைகாரன் தப்ப முடியாது.

எத்தனையோ பேர் வாயை அடைத்த எங்கள் வட்டத்துப் பல் டாக்டரம்மாவுக்கு, அந்த ஒரு வாயை அடைக்க வழி தெரியவில்லை. யார் எந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்தாலும், மரியாதைக்காக முதலில் அவர் கைக்குத்தான் போகும். படித்துவிட்டு முடிவைப் போட்டு உடைப்பார்.

இந்தத் தடவை அவள் தான் சிபாரிசு செய்த நாவலின் கடைசித் தாளை, மற்றதெல்லாம் படித்தும் அதை மட்டும் அப்புறம் பார்க்கலாமென்று தானும் பார்க்காமல், கத்தரித்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். மனுஷன் தவியாய்த் தவிக்கட்டும்!

அடுத்த கூட்டத்துக்கு அவர் உம்மென்று வந்தார்.

"முடிவு எப்படி, தலைவரே?" என்றாள் தேனொழுக.

"கடைசித் தாளையே காணோம் டாக்டர். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"அடப் பாவமே!" அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இனி வீட்டுக்குப் போய் அந்தத் தாளை நிம்மதியாகப் படிக்கலாம்.

"பொறுக்க முடியாம எழுதினவருக்கே போன் போட்டுட்டேன். தங்கமான மனுஷன், விளக்கமா சொன்னார்."

"ஐயையோ, சொல்லாதீங்க!"

கொன்றது மருமகனாம்.