ஐந்தாவது சோகி

“தம்பி அஜந்தன், என்ரை மகன்ரை வாளின்ரை பலத்தைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ.”

சுசிலா கிணற்றடியில் நின்று இரகசியமாகச் சொன்னாள். கால் கழுவிக்கொண்டிருந்த அஜந்தன் சிரித்துவிட்டான்.

“என்னக்கா இது! அது சும்மா கதையில வாற வாள்.”

அவன் கொழும்பில் படித்தபோது பழகிய விளையாட்டு அது. இடம்பெயர்ந்து வற்றாப்பளைக்கு வந்த பிறகு, பின்னேரங்களில் சுசிலாவின் கொட்டிலில் பாய் விரித்து நடத்தினான். பலகை இல்லை, காய் இல்லை. அவன் ஒரு காட்டையும் பூதங்களையும் வாயால் சொல்லுவான். சுசிலாவின் மகன் நிறோஜன் வாள்வீரனாகவும், பக்கத்து வளவு டிலுசா மந்திரக்காரியாகவும் அந்தக் காட்டுக்குள் நடப்பார்கள். சோகி எனப்படும் ஐந்து கடற்சோழிகளைக் குலுக்கி எறிந்து, எத்தனை மல்லாந்து விழுகின்றன என்று பார்த்துத்தான் வெற்றியும் தோல்வியும்.

“உங்களுக்கு விளையாட்டு. எனக்கு நெஞ்சு பதறுது,” என்றாள் சுசிலா. “அவன் நித்திரையிலயும் வாள், வாள் எண்டு புலம்பிறான். விளையாட்டுத் தொடங்கின முதல் நாள் டிலுசா ஆசையா வாளைக் கேட்க, சண்டை பிடிச்சுப் பறிச்சவனெல்லோ? பதினாறு வயசு. எங்கடை ஒழுங்கையில ரெண்டு வீட்டுப் பிள்ளையள் சொல்லாமல் கொள்ளாமல் சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போயிட்டுதுகள். நாளைக்கு இவனும் போனா நான் என்ன செய்ய?”

“அக்கா, மந்திரக்காரிக்கு இப்பவே பலம் கூட. அவள் ஒரு சொல்லுச் சொன்னாக் காடு பத்தி எரியுது. இவன் வேர்த்து விறுவிறுத்து வெட்டினாத்தான் ஒரு பூதம் விழுது. ரெண்டு பேரையும் எப்பிடிச் சமப்படுத்திறது எண்டு நானே மண்டையைப் போட்டு உடைக்கிறன். வாளையும் குறைச்சா அவன் வெறுத்துப் போடுவான்.”

“வெறுக்கட்டும். அதுதானே எனக்கு வேணும்.”

அவள் கண் கலங்குவதைக் கண்டு அவன் தலையாட்டினான்.

ஆட்டம் தொடங்கியது. “நான் பாலத்தடிக்குப் போறன்,” என்றான் நிறோஜன்.

“போறன் எண்டு சொல்லாதையடா!” குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த சுசிலா சத்தம் போட்டாள். “போறன் எண்டால் திரும்பி வாறேல்லை எண்டு அர்த்தம். போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“பூதத்திட்டப் போகேக்கையுமோ மாமி?” டிலுசா சிரித்தாள்.

அஜந்தன் தொண்டையைச் செருமினான். “இண்டைக்குப் புதுச் சட்டம். வாள் மழுங்கிப் போச்சு. அஞ்சு சோகியும் மல்லாந்தாத்தான் வெட்டு விழும். இல்லாட்டி வீரன் செத்தான்.”

“இதென்ன அநியாயம் அண்ணை! அவளுக்கு வாய் அசைஞ்சாக் காணும். நான் இவளின்ரை பை தூக்கவோ வந்தனான்?”

“தூக்கன். கூலி தாறன்,” என்றாள் டிலுசா.

நிறோஜன் சோகிகளைக் கைக்குள் பொத்தி, ஊதி எறிந்தான். நான்கு பாயிலேயே மல்லாந்தன. ஐந்தாவது உருண்டு குசினிக்குள் ஓடி, சுசிலாவின் காலடியில் மல்லாந்து கிடந்தது. இடையில் ஓலைத்தட்டி மறைத்ததால் பாயில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

சுசிலா மனதுக்குள் மாதாவை மன்றாடினாள். பிறகு பெருவிரலால் சோகியைப் புரட்டி விட்டாள்.

“கவிண்டு கிடக்குது,” என்றாள்.

“வீரன் செத்தான்,” என்றான் அஜந்தன், அவள் பக்கம் பார்க்காமல்.

“அப்ப வாள்?” டிலுசா நிமிர்ந்தாள்.

“உயிரோட இருக்கிற ஆரும் எடுக்கலாம்.”

“நான் எடுக்கிறன். மந்திரம் செய்தது காணும்.”

நிறோஜனின் முகம் வெளிறிப்போயிற்று. “வேண்டாம்! அண்ணை, இன்னொருக்கா எறிய விடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்!” குரல் உடைந்தது.

ஒரு விளையாட்டு வாளுக்கு இப்படி அழுகிறானே! சுசிலா தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

டிலுசா பாவாடையை உதறிக்கொண்டு எழும்பினாள். “ஆட்டம் முடிஞ்சுது. போறன் மாமி.”

“ஓம் பிள்ளை,” என்றாள் சுசிலா, மகனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அஜந்தனும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சுசிலா மகனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அழாதையடா. உனக்கு அந்த வாள் வேண்டாம். நீயும் போயிடுவாய் எண்டு எனக்குப் பயம்.”

“நான் எங்கையம்மா போறது?” அவன் விம்மினான். “இயக்கத்துக்குப் பேர் குடுத்தது அவள். நான் கெஞ்சிக் கேட்டதால, விளையாட்டில வீரன் சாகுமட்டும் போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவள். வீரனைச் சாகவிடாமல் வைச்சிருக்கத்தான் முதல் நாளே வாளை அவளின்ரை கையில இருந்து பறிச்சனான்.”

சுசிலா சோகியைப் பொறுக்கிக்கொண்டு படலை வாசலுக்கு ஓடினாள்.

“டிலுசா! நில்லு பிள்ளை! இது மல்லாந்துதான் கிடந்தது. நான்தான் காலால கவிட்டு விட்டனான். வீரன் சாகேல்லை!”

டிலுசா திரும்பி வந்தாள். சுசிலா மீன் செதில் ஒட்டிய உள்ளங்கையை நீட்டினாள். அதில் கிடந்த சோகியையும் சுசிலாவின் முகத்தையும் டிலுசா மாறி மாறிப் பார்த்தாள்.

“மந்திரம் இல்லாமல் அவன் தனியப் பாலம் தாண்டமாட்டான், என்ன மாமி?”

“தாண்டமாட்டான் பிள்ளை.”

டிலுசா சோகியை எடுத்து, மல்லாத்தி, மறுபடி அவள் கையிலேயே வைத்தாள்.

“சரி மாமி,” என்றாள். “போட்டு வாறன்.”