டார்லாவின் தோரணம்

மாதக்கணக்கில் வரைந்து வரைந்து தானே செய்த, தோட்டாக்களை அடுக்கும் வட்ட டிரம்மைக் கிளேட்டன் தன் ஷாட்கன்னில் மாட்டினான்.

“போன வாரம் சுடறப்போ தோட்டா சிக்கிச்சு மாப்ள. இன்னைக்குப் பாரு!”

“நெஜத் தோட்டாவா?” அவன் மனைவி டார்லாவின் தம்பி ரஸ் பின்வாங்கினான்.

“பயந்தாங்கொள்ளி! மருந்தெடுத்த வெத்துத் தோட்டாடா. டப்பாவிலேருந்து இப்பதான் போட்டேன். நீயே விசையை அமுக்கிப் பாரு.”

ரஸ் வாங்கி, சிரித்தபடி கிளேட்டனின் நெஞ்சுக்கே குறிவைத்தான்.

“கடைசி ஆசை என்ன மச்சான்?”

“உங்கக்கா சமைக்காத சோறு!”

கேரேஜ் கதவைத் திறந்துகொண்டு டார்லா வந்தாள். கையில் சிவப்புத் தோட்டாக்கள் கோத்த தோரணம்.

“கிறிஸ்துமஸ் மரத்துக்கு எப்படி இருக்கு? உன் வெத்துத் தோட்டாவையெல்லாம் எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காத, அலமாரியில இருந்த புதுசை எடுத்து டப்பாவை நிரப்பிட்டேன்.”

இருவரின் சிரிப்பும் நின்றது.

ரஸின் விரல் இன்னும் விசையின் மேல்தான் இருந்தது.