ரொட்டி விழுங்கும் வரை

சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இதே கூட்டம்தான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. இரண்டு கைப்பிடி வைத்த செம்பை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி, கையில் தண்ணீர் ஊற்றி, துதி சொன்னார்கள். சொல்லி முடித்தவர்கள் வாய் அந்த இடத்திலேயே மூடிக்கொண்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அடேயப்பா, இதுங்களுக்கு என்ன மருந்து குடுத்தீங்க?" என்று தலைமை ஆசிரியை மதாம் பிக்காரிடம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அறுபது விரல்கள் அறுபது உதடுகளுக்குப் போயின. மதாம் பிக்காரும்தான்.

எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. சாப்பாட்டுக்குக் கை கழுவினால், ரொட்டியை ஒரு வாய் விழுங்கும் வரை பேசக் கூடாது. எங்கள் யூத வீடுகளில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த சட்டம். எனக்கும் தெரியும். இதே ஸ்ட்ராஸ்பூரில் பிறந்து, நாலு தெரு தள்ளி வளர்ந்தவள்தான். இருபது வருஷமாக சாமி, சடங்கு பக்கம் தலைவைத்துப் படுக்காததில் மறந்து தொலைத்திருந்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு தாமார் நின்றாள். என் மகள், ஆறு வயது.

வீட்டில் அவள் வாயை மூட முடியாது. பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஒரு சொல் வராது. பதினான்கு மாதமாக இதே கதை, இரண்டு பள்ளிக்கூடங்கள் பார்த்தாகிவிட்டது. பெயர் கேட்டால் சொல்ல மாட்டாள். ஒன்றுக்கு வந்தால்கூடச் சொல்ல மாட்டாள், ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருப்பாள். கத்துகிறாளா பார்க்கலாம் என்று பிள்ளைகள் கிள்ளிப் பார்த்தார்கள். இவளுக்கு வேறு மாதிரி இடம் பாருங்கள் என்று இரண்டாவது பள்ளிக்கூடத்து டீச்சர் போன மாதம் சொல்லிவிட்டார்.

நம் யூத ஆட்கள் நடத்துகிற இந்தப் பள்ளியில் சேர்ப்போம் என்று என் கணவர் எமில் நச்சரித்துக்கொண்டே இருந்தார். யாராவது தாக்கிவிடுவார்களோ என்று வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய், உள்ளே இரண்டு இரும்புக் கதவு. வாய் திறக்கவே பயப்படுகிற குழந்தையை இங்கேயா கொண்டுவந்து விடுவது? ஒரு தடவை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி அவர் வாயை அடைக்கத்தான் வந்தேன்.

ஒரு பொடியன் எழுந்து ரொட்டிக்கான துதியைச் சொன்னான். அறுபது வாய்களும் ஒன்றாக 'ஆமேன்' என்றன. உப்பில் தொட்டார்கள், கடித்தார்கள், விழுங்கினார்கள்.

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது.

மதாம் பிக்கார் தாமாரைக் கடைசி மேசையில் உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்தவள் பெயர் சிப்போரா. முன்பல் இரண்டும் இல்லை, ஆனால் கூடத்திலேயே பெரிய தொண்டை அவளுடையதுதான். மூன்று பேருக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"உன் பேரு என்ன?"

தாமார் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அடுத்து என்ன வரும் என்று மனப்பாடம். இன்னொரு தடவை கேட்பார்கள். பிறகு சிரிப்பார்கள். அப்புறம் கிள்ளல்.

சிப்போரா அவள் முகத்தைப் பார்த்தாள். காலித் தட்டைப் பார்த்தாள். மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"ஏய், தொணதொணக்காதீங்க! இவ இன்னும் ரொட்டி சாப்பிடல!"

மேசை அடங்கியது. ஒருத்தி ரொட்டிக் கூடையை நகர்த்தினாள். இன்னொருவன் உப்பை நீட்டினான். யாரும் முறைத்துப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

தாமார் ஒரு துண்டை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் பாட்டுக்குச் சூப்பைக் குடித்தார்கள். அவள் பேசாமல் இருக்கிறாள் என்பதே அந்த மேசையில் ஒரு விஷயமாக இல்லை. பேசாமல் இருப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் மரியாதையான காரணம். மெல்லத் தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பள்ளிக்கூடம் என்ற இடத்தில் என் பிள்ளை தலை நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் புல்லரித்துப்போனது. என்றைக்கோ ஏதோ தாடிக்காரர்கள் உட்கார்ந்து எழுதிவைத்த சட்டம். இத்தனை காலமும் தாண்டி வந்து இந்த மத்தியானம் என் மகளுக்குக் குடை பிடிக்கிறது. இதைப் போய்க் கேலி பேசினேனே என்று இருந்தது.

உடனே பயமும் வந்தது. தாமார் கை கழுவவில்லை. அவளுக்குத் துதி சொல்லக்கூடத் தெரியாது. கை கழுவாதவளுக்கு ஏது மௌனம்? பாவம், சிப்போரா தப்பாக நினைத்துவிட்டாள். நாளைக்குத் தெரிந்தால் எங்களை ஏமாற்றினாள் என்பார்கள், மறுபடி கிள்ளல்தான். இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சிப்போராவின் காதருகே குனிந்தேன். "கண்ணு, இவ கையே கழுவலம்மா. சட்டப்படி இவ பேசலாம்."

அவள் கரண்டியை வைத்தாள். என் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்து, அந்தப் பெரிய தொண்டையை எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தணித்துக்கொண்டாள்.

"தெரியும் மதாம். இங்க எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் நான் புதுசா வந்தப்பவும் 'இவ இன்னும் ரொட்டி சாப்பிடல'ன்னுதான் சொன்னாங்க. செப்டம்பர்லேர்ந்து, டிசம்பர்ல ஹனுக்கா பண்டிகைக்கு விளக்கு ஏத்துற வரைக்கும்."