அரக்குப் பட்டு

பருத்தி மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம், பட்டு மட்டும் உடையவருக்கே திரும்ப வேண்டும் என்பது வீட்டிலேயே ரவிக்கை தைக்கும் ஸ்டெல்லாவின் கண்டிப்பு. மகள் ஜெனிட்டா மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு அடுப்படிக்குத் திரை தைத்தபோது, நடுவில் எந்தத் துணியும் எடுபடவில்லை. மிஷினுக்கடியில் கிடந்த அரக்குப் பட்டுத் துண்டு மட்டும் பொருந்தியது. காலையில்தான் மாட்டினாள். அம்மா இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது பட்டுக்குச் சொந்தக்காரி மங்களம் வந்து நிற்கிறாள்.

"மீதித் துணி எங்க ஸ்டெல்லா?"

"மாதா சத்தியமா ஒண்ணும் மிஞ்சலக்கா. கைக்கே பத்தல."

"எல்லா டெய்லரும் இதத்தான் சொல்றீங்க. தெருவுல சொன்னா ஒருத்தி துணி குடுப்பாளா?"

ஜெனிட்டா திரையோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கையைப் பின்னால் விட்டு நகத்தால் தையலைப் பிரிக்கப் பார்த்தாள். ஒரு நூல்கூட அசையவில்லை. சே, என்றுமில்லாமல் இதைப் போய் இரட்டைத் தையலாகப் போட்டிருக்கிறாளே!

அம்மாவின் குரல் உடைந்தது. "அடுத்தவங்க பட்டுல நாங்க கை வைக்கிறதில்லக்கா. வெறும் பருத்தி மிச்சத்த வச்சே எம்பொண்ணு என்னமா தச்சிருக்கா, வந்து பாருங்க. ஏய், தள்ளி நில்லுடி!"