மூன்றாவது தட்டு

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம். வார்சாவின் கூரைகளுக்கு மேலே முதல் நட்சத்திரம் தெரிந்துவிட்டது, இனி சாப்பிடலாம். லுட்விகா வெள்ளை விரிப்பில் மூன்று தட்டுகளை வைக்கிறாள். அவளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, வழிதவறி வரும் யாரோ ஒருவருக்கு ஒன்று. அந்த மூன்றாவது தட்டு இன்று எல்லா வீட்டிலும் காலியாகக் காத்திருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவன் அவள் மகனில்லை. சிறுவனாகப் போரில் தொலைந்துபோன அவள் மகன் விட்டோல்டின் பெயரைக் கொடுத்து, இந்த வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்று பார்க்க ரகசியப் போலீஸ் அனுப்பிய ஆள். அவன் வந்த அன்று கதவைத் திறந்தவள் கட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்குள் எதுவும் அசையவில்லை. இப்போதும் மெழுகுவர்த்திச் சுடரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொரித்த மீனில் ஆவி பறக்கிறது. லுட்விகா வால்துண்டை எடுத்துக் காலித் தட்டில் வைக்கிறாள்.

"அது விருந்தாளி தட்டும்மா. காலியாத்தானே இருக்கணும்?"

"விட்டோல்டுக்கு வால்துண்டுன்னா உசுரு" என்கிறாள், குரல் மாறாமல். "விருந்தாளி யாரும் வரமாட்டாங்க. நீ வந்த அன்னிக்கே, இந்தப் பக்கம் வராதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

அவன் கையில் முள்கரண்டி அப்படியே நிற்கிறது. வெளியே டிராம் ஒன்று போகிறது. கண்ணாடி டம்ளர்கள் மெல்ல அதிர்ந்து அடங்குகின்றன.

"அப்புறம் ஏன் என்னை வீட்டுல வச்சிருந்தீங்க?"

"பேச ஒரு ஆள் வேணுமில்ல. சாப்பிடு, ஆறிடும். உப்பு போதுமா?"

அவன் ஒரு வாய் எடுத்துப்போட்டு மெல்ல மெல்லுகிறான்.

"சரியா இருக்கும்மா."