மீற்றரில் நாற்பத்திரண்டு

பேசாலைக் கபிரியேலுக்கும் அவருடைய கிழட்டுப் பூனைக்கும் சீனி வருத்தம். தினமும் காலையில் இருவருக்கும் அவரே வீட்டுப் பின்பக்கத்தில் ரத்தம் குத்திப் பார்ப்பார். பூனைக்கு இன்சுலினும் போடுவார். பிறகு “இது என்ரை அளவு” என்று மீற்றரை மனைவி றெஜினாவிடம் காட்டுவார். ஒரு மாதமாக நூற்றிப்பத்துதான். அந்தச் சந்தோஷத்தில் அவருக்குச் சீனித் தேத்தண்ணீர் கிடைத்துவந்தது.

அன்று மீற்றரோடு பதறியடித்து ஓடிவந்தார். றெஜினா பறித்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு!

“மடுமாதாவே! சீனி இறங்கிப்போச்சு, விழப்போறீங்கள்!”

அவரைக் கதிரையில் அமுக்கி, சீனியை அள்ளி வாயருகே கொண்டுபோனாள். கபிரியேல் முகத்தைத் திருப்பினார். அவர் சீனியை வேண்டாமென்றதை அவள் கண்டதேயில்லை.

“சாகப்போறீங்களே? வாயைத் திறவுங்கோ!”

“எனக்கில்லையடி! கெதியாப் பூனையின்ரை வாயில தடவு!”

றெஜினாவின் கை நின்றது. “பூனைக்கோ?”

“ஓமடி! ஒரு மாதமா நீ பாத்தது முழுக்க அதின்ரை ரத்தம்!”